பீரோவின் குறுக்கே ஒரு முடி

முதல் கடிதம்

அன்புள்ள மகனுக்கு,

கடிதம் என்றால் நலத்தில்தான் தொடங்க வேண்டும், அதனால் நலம். போன வாரம் போனில் பேசும்போது, "ஏம்ப்பா, ஒரு மாதிரி பேசுறீங்க?" என்று கேட்டாய். பேசியது கூடத்தில். உன் மனைவி சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறந்தால் தேய்க்கிற சத்தம் நின்றது, நான் நிறுத்தினால் மறுபடி தொடங்கியது. இப்படி நான்கு தடவை. அதற்குப் பிறகு மனுஷன் என்ன பேசுவான்? அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் கப்பல் அடுத்து நிற்கும் துறைமுகத்தின் முகவரியைக் கம்பெனி அட்டவணையில் பார்த்து எழுதியிருக்கிறேன். உறையின் வாயில் டேப் ஒட்டி அதன் மேல் குறுக்காகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கையெழுத்து எங்கேயாவது விட்டுப்போயிருந்தால் உடனே தெரிவி.

விஷயத்துக்கு வருகிறேன். உன் மனைவியின் நடவடிக்கை எனக்குச் சரியாகப் படவில்லை. உன் அம்மா போன பிறகு வீட்டுப் பொறுப்பை எடுத்துக்கொண்டாள், நன்றாகவே செய்கிறாள், அதை மறுக்கவில்லை. ஆனால் கொஞ்ச நாளாகச் சின்னச் சின்னதாக ஏதோ நடக்கிறது. இருபது வருஷமாகக் கூடத்துக்கும் என் அறைக்கும் நடுவில் இருந்த முக்காலியைக் காணோம். கேட்டால், "ஓரமாப் போட்டுட்டேன் மாமா, வழியில இருக்கு" என்கிறாள். யாருடைய வழியில்? இரண்டாவது, மாடிப்படி ஒவ்வொன்றின் விளிம்பிலும் வெள்ளை டேப் ஒட்டியிருக்கிறாள். "எங்க பியூட்டி பார்லர்ல மிச்சம் இருந்துச்சு" என்கிறாள். மிச்சம் இருந்தால் படியிலா ஒட்டுவார்கள்? மூன்றாவது, என் அறைக்கு வெளியே இருந்த பழைய பல்பைக் கழற்றிவிட்டு ஆஸ்பத்திரி மாதிரி வெளிச்சம் அடிக்கிற பல்பு போட்டிருக்கிறாள். ஒருத்தர் அறைக்குப் போகிற வழியைச் சுத்தம் பண்ணி, வெளிச்சமும் போட்டு வைப்பது எதற்கு என்று நீயே யோசித்துப் பார்.

எல்லாவற்றையும்விட, என் கண் எரிச்சலுக்கு ஒரு சொட்டு மருந்து போடுகிறேன் அல்லவா? அதைக் குளியலறை அலமாரியில், பெயர் சுவரைப் பார்க்கிற மாதிரி வைப்பது என் வழக்கம். மூன்று தடவை அது முன்பக்கம் பார்த்து இருந்தது. போன வாரம் தீர்ந்துபோன பாட்டில் இந்த வாரம் நிறைந்திருந்தது. நான் வாங்கவில்லை.

முப்பத்தொரு வருஷம் எடையளவு ஆய்வாளராக இருந்தவன் நான். தராசுத் தட்டுக்கு அடியில் ஒட்டிய காந்தத்தை, கடைக்காரன் எச்சில் விழுங்குவதை வைத்தே கண்டுபிடித்தவன். என் கண்ணில் மண்ணைத் தூவ இன்னொருத்தர் பிறந்து வர வேண்டும்.

என் அறை பீரோவின் மேல்தட்டில் ஒரு பச்சை உறை இருக்கிறது. சொத்து, பத்திரம் ஒன்றுமில்லை, பயப்படாதே. என் சொந்தக் காகிதங்கள். யாரும் பார்க்கக் கூடாது. முக்கியமாக, இங்கே தும்மினால் அங்கே உனக்குச் செய்தி அனுப்புகிற ஆள் பார்க்கக் கூடாது. அந்தப் பூட்டோ ஹேர்பின்னுக்கே திறந்துகொள்ளும். ஹேர்பின் யாரிடம் டஜன் கணக்கில் இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் ஒரு காரியம் செய்தேன். பீரோவின் இரண்டு கதவுக்கும் குறுக்கே, கண்ணுக்குச் சட்டென்று தெரியாதபடி, நீளமான ஒரு முடியை இழுத்து, இரண்டு முனையையும் ஒரு துளி கோந்தால் ஒட்டினேன். திறந்தால் கோந்து விடும். திறந்தவர் திரும்ப ஒட்டினாலும் அதே இழுப்பில் ஒட்ட முடியாது. அதைக் காட்டிக்கொடுக்க, முடியின் நடுவில் இருநூறு மில்லிகிராம் அலுமினியத் தகடு ஒன்றைத் தொங்கவிட்டேன். என் பழைய எடைப்பெட்டியில் இருந்தது, நகத்தில் பாதிகூட இருக்காது. பின்னால் ஒரு காகிதம் ஒட்டி, தகடு நிற்கிற இடத்தில் பென்சிலால் கோடு. அதற்குக் கீழே ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகக் கோடுகள். முடி ஒரு நூலளவு தளர்ந்தாலும் தகடு விரற்கடை இறங்கிவிடும். இதை எந்த இலாகாவும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானாகக் கண்டுபிடித்தேன்.

அவள் என் அறைக்குள் வருவதில்லை, பெருக்குவதுகூட நான்தான். ஆகவே தகடு இறங்கினால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். இறங்கிவிட்டால் நீ ஒரு முடிவு சொல்ல வேண்டும். இந்த வீட்டில் ஒன்று நான் இருப்பேன், இல்லை அவள் இருப்பாள். அதுவரை அவளிடம் இதைப் பற்றி மூச்சு விடாதே. கப்பலில் வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் நலனையே நினைக்கும்,
அப்பா

பி.கு.: வரிகள் இடது பக்கம் சாய்ந்து இறங்கினால் அது மேசையின் கோளாறு.


இரண்டாம் கடிதம்

அன்புள்ள மகனுக்கு,

உன் பதில் கிடைத்தது. மூன்று வரி. "அவ அப்படிப்பட்டவ இல்லப்பா, விட்டுடுங்க" என்று எழுத ஒரு தபால்தலை வீண். அப்படிப்பட்டவரா இல்லையா என்பதை முகத்தைப் பார்த்து முடிவு செய்கிற காலம் போய்விட்டது. கையில் கணக்கு வைத்திருக்கிறேன்.

ஐந்து வாரம், தினம் இரண்டு வேளை குறித்தேன். புதனிலிருந்து திங்கள் வரை தகடு முதல் கோட்டை விட்டு நகரவே இல்லை. செவ்வாய்க்கிழமை மட்டும் மூன்றாவது கோட்டுக்கு இறங்குகிறது. ஒரு செவ்வாய் தப்பவில்லை. புதன்கிழமை மறுபடி மேலே ஏறி நிற்கிறது. செவ்வாய்க்கிழமை யாருக்கு பார்லர் விடுமுறை என்று நான் சொல்லித் தர வேண்டாம். ஐந்துக்கு ஐந்து. இந்த மாதிரி கணக்கோடு போயிருந்தால் எந்த நீதிபதியும் என்னிடம் இரண்டாவது கேள்வி கேட்டிருக்க மாட்டார்.

எப்படிச் செய்கிறாள் என்றும் கண்டுபிடித்தேன். செவ்வாய்க்கிழமை வாரத் துணி மொத்தத்தையும் துவைத்து, தெருப்புழுதி படியும் என்று ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு, கூடத்தில் கொடி கட்டிக் காயப்போடுகிறாள். போர்வை, படுக்கை விரிப்பு எல்லாம் என் அறை வாசலை ஒட்டியே தொங்கும். நான் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறேன், எனக்கும் என் அறைக்கும் நடுவில் திரைச்சீலை போட்ட மாதிரி ஈரத்துணி. அதற்குப் பின்னால் யார் போகிறார், யார் வருகிறார் என்று யாருக்குத் தெரியும்? முடி அறுந்திருந்தால் கத்துக்குட்டி என்று நினைத்திருப்பேன். ஒரு தடவைகூட அறவில்லை. கோந்துகூட நான் வைத்த மாதிரியே இருக்கிறது. நாள் முழுக்க முடியோடு புழங்குகிற கைக்குத்தான் அந்தப் பக்குவம் வரும்.

நேற்று செவ்வாய்க்கிழமை, ஐந்தாவது. சாயங்காலம் தகடு மூன்றில் நின்றது. கூப்பிட்டேன். அறை வாசலிலேயே நின்றாள். "உள்ளே வாம்மா, புதுசா வர்ற மாதிரி நிற்காதே" என்றேன். வந்தாள். காகிதத்தையும் கோடுகளையும் காட்டி, ஐந்து வாரக் கணக்கையும் படித்துக் காட்டினேன். அழுவாள், சத்தம் போடுவாள், உனக்கு போன் போடுவாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன்.

அவள் கணக்கைப் பார்க்கவே இல்லை. கிட்டே போய் அந்த முடியைத்தான் பார்த்தாள். பிறகு, "இது அத்தை முடிதானே மாமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். உன் அம்மாவின் சீப்பு கண்ணாடி மேசை டிராயரில் அப்படியேதான் இருக்கிறது. நீளமான முடிக்கு நான் வேறு எங்கே போவேன்? "வேர்ல ஒரு இஞ்ச் வெள்ளையா இருக்கு பாருங்க. நான் கடைசியா சாயம் போட்டு ரெண்டு மாசம் ஆனப்போ உதிர்ந்தது. அப்புறம் போட வேணாம்னு சொல்லிட்டாங்க" என்றாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

நான் பேச்சை விஷயத்துக்குத் திருப்பினேன். பீரோவைத் திறந்தாயா இல்லையா, ஒரே வார்த்தை என்றேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கவனமாகப் படி. "பீரோவில என்ன இருக்குன்னு நான் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணுமா மாமா? நீங்க நடக்கிறதைப் பார்த்தாலே தெரியுது." எவ்வளவு பொடி வைத்துப் பேசுகிறாள் பார்த்தாயா? நான் எப்படி நடந்துகொள்கிறேன் என்று எனக்கே பாடம் நடத்துகிறாள்.

இன்று காலை ஒரு பையோடு கிளம்பிவிட்டாள். பார்லருக்கு மேலே அவளோடு வேலை செய்கிற பெண் தங்கியிருக்கும் அறைக்குப் போகிறாளாம். "என்மேல சந்தேகப்பட்டதுகூடப் பரவாயில்ல மாமா. அத்தை முடியை எடுத்து இதுக்குக் கட்டிட்டீங்களே" என்றாள், கதவருகில் நின்று. பிறகு, "கண்ணுக்கு மருந்து விடாமப் போடுங்க" என்றும் சொன்னாள். போகிறபோக்கில் அதையும் சேர்த்துச் சொன்னதுதான் எனக்கு உறுத்துகிறது. அந்த பாட்டிலில் என்ன இருக்கிறது என்று யார் கண்டது? நான் வாங்காத மருந்தை நான் போடுவதாக இல்லை. எடுத்துக் கழிவறையில் கொட்டிவிட்டேன். படியில் இருந்த டேப்பையும் உரித்தாயிற்று.

நீ இதற்காக அங்கிருந்து பதறாதே. கடலடியில் கேபிள் போடுகிற வேலையில் கவனம் சிதறினால் ஆபத்து என்று நீதான் சொன்னாய். ஒப்பந்தம் முடிய எட்டு மாதம் இருக்கிறது, முடித்துவிட்டே வா. வீடு அமைதியாக இருக்கிறது. தேவைக்கு மேலேயே அமைதியாக இருக்கிறது.

அன்புடன்,
அப்பா


மூன்றாம் கடிதம்

அன்புள்ள மகனுக்கு,

நீ இரண்டு தடவை போன் செய்தாய், நான் எடுக்கவில்லை. கோபத்தில் இல்லை. சொல்ல என்னிடம் சரியான தகவல் இல்லாததால் எடுக்கவில்லை. அரைகுறை அறிக்கை கொடுத்து எனக்குப் பழக்கம் கிடையாது.

அவள் போய் இன்றோடு பதினோரு நாள். நேற்று மதியம் வரை ஐந்து நாள் விடாத மழை. நேற்றுமுன்தினம் காலையில் எழுந்து பார்த்தால் தகடு ஐந்தாவது கோட்டில் நிற்கிறது. அவள் இருந்தபோதுகூட மூன்றைத் தாண்டியதில்லை.

மாற்றுச் சாவி வைத்திருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். நான் மாடியில் இருக்கும்போது வந்துபோயிருக்கிறாள். உடனே பூட்டுக்காரரை வரவழைத்து வாசல் பூட்டை மாற்றினேன். அவர் சும்மா வேலையைப் பார்க்காமல், "வீட்ல வேற யாரு சார் இருக்காங்க? எத்தனை சாவி வேணும்?" என்று கேட்டார். ஒன்று போதும் என்றேன்.

பூட்டு மாற்றிய மறுநாள் காலை தகடு ஆறில் நின்றது. நீ சிரிப்பாய், சிரி. நேற்று ஒரு முடிவுக்கு வந்து, நாற்காலியை பீரோவுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தேன். காலை எட்டு மணியிலிருந்து விளக்கு வைக்கிற நேரம் வரை. கையில் பூதக்கண்ணாடி, மடியில் நோட்டு. ஆய்வுக்குப் போன காலத்தில்கூட ஒரே தராசை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. எட்டு மணிக்கு ஆறாவது கோடு. பத்தரைக்குப் பெரிய மழை அடித்தது, பதினொன்றுக்கு ஏழு. அறையில் நான் ஒருத்தன்தான். மதியம் மழை விட்டு வெயில் வந்தது, ஜன்னலைத் திறந்தேன். மூன்று மணிக்கு ஐந்து. நாலேகாலுக்கு நான்கு. என் கண்ணெதிரே, யாரும் தொடாமல், தகடு தானாக மேலே ஏறியது.

கோந்து இளகுகிறதா என்று பார்த்தேன், கல் மாதிரி இருக்கிறது. காந்தமா என்றால் அலுமினியத்தைக் காந்தம் இழுக்காது. பீரோ சாய்கிறதா என்று ரசமட்டம் வைத்தேன், சாயவில்லை. பார்க்கிற கண்ணையே சந்தேகப்பட்டு, கதவோரத்தில் இன்னொரு காகிதம் ஒட்டி இன்னொரு கண்ணால் பார்த்தேன். அதிலும் அப்படியே. இதுவரை நான் சந்தேகப்படாதது அந்த முடி ஒன்றுதான். உன் அம்மாவுடையது என்பதாலோ என்னவோ, அந்தப் பக்கம் புத்தி போகவே இல்லை.

மற்றபடி, படியில் கால் தவறி முழங்காலில் கொஞ்சம் சிராய்ப்பு. மழை ஈரம். இடது பக்கம் வந்த சைக்கிள்காரன் ஒருவன் இன்று காலை என்னைத் திட்டிவிட்டுப் போனான், மணி அடித்தானாம். மருந்துக்கடையில் என்னைப் பார்த்து, "மருமக நல்லாருக்காங்களா? ரொம்ப நாளா காணோமே" என்று கேட்கிறார்கள். அவளுக்கும் அந்தக் கடைக்கும் என்ன சம்பந்தம் என்று தெரியவில்லை. விசாரிக்க வேண்டும்.

இந்தக் கடிதத்தில் உள்ளதை அவளிடம் சொல்லாதே. நான் இன்னும் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. நாளைக்குப் பழைய ஆபீஸ் வரை போய் வரலாம் என்றிருக்கிறேன். அங்கே ஒரு கருவி இருந்தது, மழை நாளில் அதன் கோடும் இப்படித்தான் போகும் என்று திடீரென்று ஞாபகம் வந்தது.

அப்பா


நான்காம் கடிதம்

மருமகளுக்கு மாமா எழுதுவது.

இரண்டு தெரு தள்ளி இருக்கிற உனக்குத் தபாலில் கடிதம் போடுகிறேன், சிரித்துக்கொள். நேரில் வராமல் இல்லை. இரண்டு தடவை வந்தேன். வாசலில் "பெண்களுக்கு மட்டும்" என்று போர்டு. முதல் தடவை அதைப் படித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். இரண்டாவது தடவை கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். தலை முழுக்க வெள்ளித்தாள் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா என்னை முறைத்தார். உன்னைக் காணோம். இந்த வயதில் போலீஸில் மாட்டிக்கொள்ள வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

நீ பீரோவைத் திறக்கவில்லை. முதலில் அதை எழுதிவிடுகிறேன். ஐந்து வாரம் கணக்கு வைத்தவன், தப்பு என்று தெரிந்ததும் அதையும் எழுத்தில்தான் தர வேண்டும்.

எப்படித் தெரிந்தது என்று கேட்பாய். ஆபீஸில் எடைக்கற்களைச் சோதிக்கிற அறையில் ஒரு கருவி உண்டு. காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று காட்டுவது. ஒரு உருளையில் காகிதம் சுற்றியிருக்கும், பேனா ஒன்று வாரம் முழுக்க அதில் கோடு போட்டுக்கொண்டே போகும். திங்கள்கிழமை தோறும் பழைய காகிதத்தை எடுத்துப் புதுசு மாட்டுவது இருபத்திரண்டு வருஷம் என் வேலை. உள்ளே இருக்கிற பாகத்தைத் தகரத்தால் மூடி ஈய முத்திரை போட்டிருக்கும். அந்த முத்திரையைப் போட்டதே நான்தான். முத்திரை போட்ட எதையும் காரணமில்லாமல் உடைக்கக் கூடாது என்பது எங்கள் விதி. அதனால் அதற்குள் என்ன இருக்கிறது என்று நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. ஸ்பிரிங்கோ கம்பியோ இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது அதை மூலையில் போட்டுவிட்டார்கள், எண் காட்டுகிற கருவி வந்துவிட்டது. அங்கே இருக்கிற புது ஆய்வாளர் அம்மா நல்ல மாதிரி. நான் கேட்டதும் கட்டரை எடுத்து முத்திரையை வெட்டிவிட்டார். வெட்டுப்பட்ட ஈயத்தை நான் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். தகரத்தைக் கழற்றினால், உள்ளே ஒரு கொத்து முடி. மனுஷ முடி, அம்மா. சின்ன பிரஷ் மாதிரி இழுத்துக் கட்டி, அதன் நடுவில் ஒரு கொக்கி, கொக்கியிலிருந்து பேனாவுக்கு ஒரு நெம்புகோல். ஈரம் பட்டால் முடி நீளும், காய்ந்தால் குறுகும், அதைத்தான் பேனா எழுதியிருக்கிறது. "இத்தனை வருஷம் இருந்திருக்கீங்க, இது தெரியாதா சார்?" என்று கேட்டார். நான் குனிந்து அதன் மேல் ஒரு மூச்சு விட்டேன். பேனா ஏறியது. அந்த அம்மாவும் ஒரு தடவை ஊதிப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை நீ காயப்போட்ட ஈரத்துணி, சாத்தின ஜன்னல், நான் பெருமையாகப் போட்ட கணக்கு, எல்லாம் அங்கேயே விளங்கிவிட்டது. நீ முன்பு ஒரு நாள் உன் அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தாய், மழைக்காலத்தில் யார் முடியும் சொன்ன பேச்சு கேட்காது, காலையில் நேராக்கி அனுப்பினால் சாயங்காலம் சண்டைக்கு வருவார்கள் என்று. நான் பேப்பர் படிக்கிற பாவனையில் கேட்டேன். பார்லர் பேச்சுதானே என்று விட்டுவிட்டேன். உனக்குக் கையிலேயே தெரிந்த விஷயம் எனக்கு முத்திரையை உடைத்துத்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து பீரோ முன்னால் நின்றேன். உன் அத்தையின் முடி மேல் மெதுவாக ஊதினேன். தகடு ஒரு கோடு இறங்கி, கொஞ்ச நேரம் கழித்து ஏறியது. அவள் போய் பதினாலு மாதம் ஆயிற்று. நான் அழுதேன். ஆஸ்பத்திரியில் அழவில்லை, அதற்குப் பிறகும் அழவில்லை, நீ பார்த்திருப்பாய். அந்த முடியை எதற்குப் பயன்படுத்தினேன் என்பதை நினைத்து அழுதேன். நீ வாசலில் நின்று அதைத்தான் சொன்னாய், நான் அன்று கேட்கவில்லை. கோந்தைத் தண்ணீர் தொட்டுக் கரைத்து, அறாமல் எடுத்து, சீப்பிலேயே சுற்றி வைத்துவிட்டேன். அந்தச் சீப்பு உன்னிடம் இருப்பதுதான் சரி. தபாலில் அனுப்ப மனம் வரவில்லை.

பச்சை உறையில் இருப்பது கண் ஆஸ்பத்திரி ரிப்போர்ட். ஒன்பது மாதம் முன்பு கொடுத்தது. கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு போய்க்கொண்டிருக்கிறதாம். நேரே இருப்பது நன்றாகத் தெரியும், ஓரத்தில் இருப்பது கொஞ்சம் கொஞ்சமாக மறையும். ஒரு முடியைப் பார்த்துவிடுவேன், முக்காலியில் இடித்துக்கொள்வேன். இடது கண்ணில் பாதி போய்விட்டது. உனக்குத் தெரிந்தால் அவனுக்குச் சொல்வாய், அவன் வேலையைப் போட்டுவிட்டு வந்துவிடுவான் என்று மறைத்தேன்.

நீ எதையும் திறக்காமலே தெரிந்துகொண்டாய். முக்காலியை ஓரம் போட்டதும், படிக்கு டேப் ஒட்டியதும், பல்பை மாற்றியதும் எதற்கு என்று இப்போது தெரிகிறது. மருந்துக்கடைக்காரரை விசாரித்தேன். காலி பாட்டிலைக் கொண்டுவந்து காட்டி மாதா மாதம் வாங்கிப்போவாயாம். "அவருக்குத் தெரிய வேணாம், தானே வாங்கினதா நினைச்சுக்கட்டும்" என்று சொல்லியிருக்கிறாய். அந்த மருந்தைத்தான் நான் கொட்டினேன். மூன்று வாரம் ஒரு சொட்டுப் போடவில்லை.

முந்தாநாள் டாக்டரிடம் போனேன். அழுத்தம் மிகவும் ஏறிவிட்டது என்று திட்டினார். இனி மருந்து மட்டும் போதாது, வருகிற திங்கள்கிழமை காலை அறுவைச் சிகிச்சை. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். உங்களோடு யார் வந்திருக்கிறார்கள் என்று அவர் கேட்டதற்கு மட்டும், பீஸ் எவ்வளவு என்று திருப்பிக் கேட்டேன்.

அவனுக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். வராதே என்றும் எழுதியிருக்கிறேன், கேட்பானா என்று தெரியாது. நீ அவனிடம் என்னைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் குறையாகச் சொல்லவில்லை என்று அவன் எழுதியிருந்தான். சொல்லியிருக்கலாம். எனக்கு இன்னும் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

பூட்டு மாற்றியது உனக்குத் தெரியாது. பூட்டுக்காரரை மறுபடி கூப்பிட்டு இரண்டாவது சாவி போட்டுவிட்டேன், இந்த உறையிலேயே இருக்கிறது. உறையின் மேல் டேப்பும் இல்லை, கையெழுத்தும் இல்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். உடன் இருப்பவர் பெயர் என்று ஒரு கட்டம். அதை நிரப்பாமல் கத்தி வைக்க மாட்டார்களாம். என் வேலையில் படிவத்தை மையால்தான் நிரப்ப வேண்டும், பென்சில் கூடாது என்று எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அந்தக் கட்டத்தில் உன் பெயரைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். உன்னைக் கேட்காமல் மையால் எழுத எனக்கு உரிமை இல்லை. சம்மதம் இல்லையென்றால் அழித்துவிடலாம். ஆனால் என் கையால் அழிக்க என்னால் முடியவில்லை. அதற்காகவாவது ஒரு தடவை வந்துவிட்டுப் போ அம்மா.

நீயும் அவனும் நீடூழி நன்றாக இருக்க வேண்டும்.

மாமா